நெல்லையிலிருந்து நோட்டும் பேரேடும்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கடல் சரக்கு வழிகாட்டி

பிரிட்டனுக்கு வந்து சிறிய கணக்கு அலுவலகமோ, டியூஷன் வகுப்போ, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோ தொடங்குகிற நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு, முதல் மாதத்திலேயே ஓர் எண்ணம் எழுவது வழக்கம். இங்கே நோட்டு விற்கிற விலையைப் பார்த்ததும், ஊரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் சொல்லி ஒரு லோடு வாங்கித் தூத்துக்குடியில் கப்பலேற்றச் சொன்னால் என்ன என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இதில் லாபமா நட்டமா என்பதைக் கடல் கூலி முடிவு செய்வதில்லை. ஊரில் என்ன வாங்குகிறோம் என்பதும், இங்கே துறைமுகத்தில் இறங்கிய பிறகு யார் யாருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதுமே முடிவு செய்கின்றன.

முதலில் எதை அனுப்பக் கூடாது என்று பார்ப்போம். வெற்று ஏ4 தாளை அனுப்ப வேண்டாம். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 80 கிராம் தாள் என்றால் ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. எண்பது பெட்டி, அதாவது நானூறு ரீம் எடுத்தாலே ஒரு டன் ஆகிவிடும். அதே தாள் இங்கே எந்தத் தெருவிலும் கிடைக்கும். பேனா, ஸ்டேப்ளர், கிளிப் முதலியவற்றுக்கும் இதே பேச்சுதான். இங்கே கிடைக்காதவற்றுக்கு மட்டும் இடம் கொடுங்கள்: தமிழ் எழுத்துப் பழக இரட்டைக்கோடு நோட்டு, துணி பைண்டிங் செய்த நீளப் பேரேடு, தமிழில் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், தினசரி காலண்டர், தமிழ்ப் பாடநூல்கள். இவற்றில் பெரும்பாலானவை சிவகாசியிலேயே கிடைக்கும். (1910-இல் இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரை சிவகாசியும் சாத்தூரும் நம் ஜில்லாவில்தான் இருந்தன என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், சரக்குக் கட்டணத்தில் அதற்குத் தள்ளுபடி கிடையாது.)

வைட்போர்டு மார்க்கர், திருத்த வெள்ளை, தின்னர் ஆகியவற்றில் எளிதில் தீப்பற்றும் திரவம் இருக்கக்கூடும். அப்படியானால் அவை ஆபத்தான சரக்கு என்ற கணக்கில் வரும். இரண்டு டஜன் மார்க்கரைச் சொல்லாமல் நோட்டுப் பெட்டிக்குள் செருகி வைத்தால், அது தெரியவரும்போது மொத்தச் சரக்கும் நின்றுபோகும்.

வீட்டுச் சாமானையும் வியாபாரச் சரக்கையும் கலக்கவே கூடாது. குடிபெயர்ந்து வருகிறவர், குறைந்தது ஆறு மாதம் தாம் வைத்துப் புழங்கிய பொருட்களை இங்கு வந்த பன்னிரண்டு மாதத்துக்குள் வரிவிலக்குடன் கொண்டுவர முறைப்படி விண்ணப்பிக்கலாம். ஐந்நூறு புது நோட்டு அந்தக் கணக்கில் சேராது. வியாபாரச் சரக்கை ஊரிலிருந்து அனுப்புகிறவருக்கு ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். இங்கே பெறுகிற உங்களுக்கு, இறக்குமதியாளரைச் சுங்கத்துறை அடையாளம் காணும் இஓஆர்ஐ எண் வேண்டும். நம் அண்ணாச்சியிடம் ஐஇசி இருக்காது. ஆகவே ஏற்கெனவே வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழகிய சிவகாசி உற்பத்தியாளரிடமே நேராக வாங்கி, அவர் பெயரிலேயே ஷிப்பிங் பில் (ஊர்ச் சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) போடச் செய்வதுதான் எளிது.

இன்வாய்ஸில் "ஸ்டேஷனரி, 40 பெட்டி" என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். நோட்டு, பேரேடு, டைரி ஆகியவை சுங்கக் குறியீட்டில் 4820; அச்சிட்ட நூல் 4901; காலண்டர் 4910. பிரித்து எழுதுவதில் காசு இருக்கிறது. இங்கே அச்சிட்ட பாடநூலுக்கு வாட் வரி பூஜ்யம். எழுதும் நோட்டுக்கும் காலண்டருக்கும் 20 சதவீதம். அந்த 20 சதவீதமும் சரக்கின் விலைமேல் மட்டுமன்று, கப்பல் கூலியையும் சுங்கத்தையும் கூட்டி வரும் தொகைமேல் விதிக்கப்படுகிறது.

இனி அளவு. இருபதடிக் கண்டெய்னர் முழுவதும் நமக்குத் தேவைப்படாது; பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறையில் ஒன்றிரண்டு கன மீட்டர் போதும். அதில் ஒரு கன மீட்டர் அல்லது 1000 கிலோ, எது கூடுதலோ அதற்குக் கூலி. 40×30×20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு நாற்பத்தொன்று கொள்ளும். நோட்டு நிரப்பினால் பெட்டி ஏறக்குறைய பதினேழு கிலோ இருக்கும். இதைவிடப் பெரிய பெட்டி வேண்டாம். இங்கே சுமைதூக்க ஆள் இல்லை, நீங்கள்தான் தூக்கப்போகிறீர்கள். விமானச் சரக்கில் ஒரு கன மீட்டருக்கு 167 கிலோதான் கணக்கு என்பதால், தாளைப் போன்ற கனமான பொருள் அங்கே முழு எடைக்கும் கூலி கேட்கும். தாளுக்குக் கப்பலே பொருத்தம் என்பதற்கு இதுவே காரணம்.

நான் ஏமாந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒரு சரக்கு முகவர் கன மீட்டருக்குச் சொன்ன கப்பல் கூலி வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தது. சரக்கு இங்கே வந்த பிறகு, இறக்குகூலி, கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர், ஆவணக் கட்டணம் என்று வரிசையாக வந்த பில் கப்பல் கூலியைப் போல் மூன்று மடங்கு இருந்தது. கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது, தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். ஆகவே இறங்கு துறைமுகச் செலவு முழுவதையும் வரிவரியாக எழுத்தில் வாங்காமல் சரக்கை ஊரிலிருந்து கிளப்ப வேண்டாம்.

அந்தச் சரக்கு ஐப்பசி மழையில் தூத்துக்குடியில் ஏற்றப்பட்டது. இங்கே பெட்டியைத் திறந்தபோது, மேலடுக்கு நோட்டுகளின் அட்டை நான்கு மூலையிலும் பப்படம் போல் நெளிந்திருந்தது. பின் அடித்த இடத்தில் துரு இறங்கித் தாளில் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. வெப்பத்தில் மூடிய கண்டெய்னர் குளிர்ந்த கடலுக்குள் நுழையும்போது உள்ளேயுள்ள ஈரம் கூரையில் வியர்த்துச் சொட்டுகிறது. அடுத்த முறை ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பாலிதீன் உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்து, பெட்டிகளை அடுக்கிய பேலட் (அடிப்பலகை) முழுவதையும் மேற்புறம் உட்பட உறையிட்டோம். நோட்டு காய்ந்தபடியே வந்தது. மர பேலட் என்றால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்ததற்கான கோதுமைக் கதிர் முத்திரை அதில் இருக்க வேண்டும்.

நாள் கணக்கையும் பாருங்கள். நம் சரக்கு தூத்துக்குடியிலிருந்து பெரும்பாலும் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறும். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லத் தொடங்கியதால், பயணம் பத்து நாளுக்குமேல் நீண்டது. சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டி, அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வந்துவிடும். அப்போதே ஆர்டர் கொடுத்து, செப்டம்பருக்குள் கப்பலேற்றினால்தான் தை பிறக்குமுன் கையில் இருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் கேட்டால் இரண்டைச் சொல்லுங்கள். இந்தியக் கோடு போட்ட நோட்டுகள் பலவற்றின்மேல் அங்கே 2006 முதல் பொருள்குவிப்புத் தடுப்பு (ஆன்டி-டம்பிங்) வரி உண்டு. அங்குள்ள தாள் ஏ4 அன்று, கோப்புக்கு மூன்று துளை. நம் இரண்டு துளைக் கோப்பு அங்கே பயன்படாது.

சரக்கு வரும் நாளில் லாரிக்காரர் பேலட்டை நடைபாதையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திடுமுன் பெட்டிகளை எண்ணி, நசுங்கியதும் நனைந்ததும் இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்குக் கப்பல் நிறுவனத்துக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நான் நெளிந்த நோட்டுகளைப் பார்த்தது பத்தாம் நாள்.