ஸ்பெக்கிள் படம் ஏமாற்றும் இடங்கள்

உயிருள்ள சுண்டெலியின் மூளையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க லேசர் ஸ்பெக்கிள் முறை எளியது. 1981இல் ஃபெர்ச்சரும் பிரையர்ஸும் முன்வைத்த யோசனை இது. லேசர் பட்ட இடத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிக்கோலம் தெரியும். அடியில் சிவப்பணுக்கள் ஓட ஓட, கேமரா திறந்திருக்கும் சில மில்லிவிநாடிக்குள் கோலம் கலங்கி, கான்ட்ராஸ்ட் (ஒளிர்ந்த புள்ளிக்கும் இருண்ட புள்ளிக்கும் உள்ள வேறுபாடு) இறங்கும். சிக்கல் என்னவென்றால், ரத்தம் ஓடாமலும் அது இறங்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று லென்ஸின் துவாரத்தை அகலத் திறப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 785 நானோமீட்டர் லேசர், ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம், 5 மைக்ரான் பிக்சல் என்று வையுங்கள். எஃப் 5.6இல் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் அகலும்) ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான், அதாவது நான்கு பிக்சல். எஃப் 2இல் அது 8 மைக்ரானுக்கும் கீழே போய்விடும். ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சலாவது வேண்டும். இல்லையென்றால் பக்கத்துப் புள்ளிகள் ஒரே பிக்சலில் கலந்து கான்ட்ராஸ்ட் தானாகவே விழும். துவாரத்தை விட்டுவிட்டு, திசு தாங்கும் அளவுக்குள் லேசரைக் கூட்டுங்கள்.

வெளிச்சம் மிஞ்சினாலும் வம்புதான். நிரம்பி வழிந்த பிக்சல்கள் எல்லாம் ஒரே மதிப்பைக் காட்ட, கான்ட்ராஸ்ட் விழும். திரையில் அது அமோகமான ரத்த ஓட்டமாகத் தெரியும். கேமராவின் இருள் மதிப்பை (ஒளியே படாதபோதும் அது காட்டும் எண்ணை) கழிக்க மறந்தாலும் இதே பொய்தான்.

எலும்பு செய்வது நேர்மாறு. அசையாத மண்டையோட்டிலிருந்து சிதறும் ஒளி கான்ட்ராஸ்டை ஏற்றிவிடும், அதனால் உண்மையான மாற்றம் சிறிதாகத் தெரியும். மேலே விட்ட உப்புநீர் காயும்போது ஒரு பளபளப்புத் திட்டு விழும் பாருங்கள், அதை ரத்தக்குழாய் அடைப்பு என்று எண்ணி மகிழ்ந்தவர்களும் உண்டு!

மயக்க மருந்தை யாரும் கருவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐசோஃப்ளூரேன் ரத்தக்குழாய்களை விரிக்கும். ஏற்கெனவே விரிந்து நிற்கும் குழாய், மூளையைச் செயல்பட வைக்க மீசையைத் தூண்டினால் இன்னும் எவ்வளவு விரியும்? மருந்தின் அளவையும் உடல் வெப்பத்தையும் (37 டிகிரி) ஒவ்வொரு எலிக்கும் குறித்து வையுங்கள்.

கடைசியாக, கான்ட்ராஸ்டிலிருந்து கிடைக்கும் ரத்த ஓட்ட எண்ணை விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவிடாதீர்கள். அதே எலியின் தொடக்க நிலையோடு ஒப்பிட்ட விழுக்காடு போதும். வேகமே வேண்டுமென்றால் டாப்ளர் ஓசிடி (திசுவின் உள்ளடுக்குகளை ஒளியால் படமெடுத்து, ஓட்டத்தின் வேகத்தையும் அளக்கும் முறை) இருக்கிறது. ஆனால் ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக ஓடும் குழாயில், ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அது பூஜ்யம் காட்டும்.