யூவி அடித்த ஈஸ்ட் தன் டிஎன்ஏவைச் சரிசெய்வதைப் பார்ப்பது எப்படி

யூவி (புற ஊதாக் கதிர்) போன்ற மியூட்டஜன் டிஎன்ஏவைக் கெடுக்கும், செல் அதைச் சரிசெய்யும் என்று பாடத்தில் படிப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ரொட்டி ஈஸ்ட்டும் யூவி விளக்கும் உள்ள கல்லூரி ஆய்வகத்தில் அதைக் காலனி எண்ணிக்கையாகவே பார்க்கலாம் (காலனி என்பது பிழைத்த ஒரு செல் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாவது). கண்டிப்பாகச் செய்து பாருங்கள்.

ஈஸ்ட்டை ஸ்டெரைல் தண்ணீரில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஈஸ்ட் வளரும் ஊட்டச்சத்து அகார் தட்டில் பரப்பி, தட்டுக்கு 200 காலனி வரும் அளவைக் கண்டுபிடியுங்கள். யூவி படப்போகும் தட்டுகளில் பெரும்பாலான செல்கள் சாகும் என்பதால் அவற்றுக்கு 10 மடங்கு, 100 மடங்கு அடர்த்தியிலும் பரப்பிவையுங்கள். பரப்பிய பிறகுதான் யூவி, ஏனென்றால் கரைசலாக இருக்கும்போது அடித்தால் மேலே உள்ள செல்கள் கீழே உள்ளவற்றை மறைத்துவிடும்.

254 நானோமீட்டர் விளக்கு வேண்டும். பிளாஸ்டிக் மூடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் மூடியைக் கழற்றுங்கள். கண்ணுக்கும் முகத்துக்கும் யூவி தடுப்புக் கவசம், கைக்குக் கையுறை, இதில் சமரசமே கூடாது. 5, 10, 20, 40 நொடி என்று அடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தட்டு. யூவி படாத ஒரு ஜோடியும் இருக்கட்டும்.

அடுத்ததுதான் முக்கியம். அறை விளக்குகளை அணைத்துவிட்டு மங்கிய சிவப்பு பல்பில் வேலை செய்யுங்கள். ஜோடியில் ஒன்றை உடனே அலுமினியத் தாளில் சுற்றிவிடுங்கள், மற்றதை மூடி போட்டு வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே, சூடேறாமல், ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். 30 டிகிரியில் 2 அல்லது 3 நாள் கழித்து எண்ணினால், ஒரே அளவு யூவி வாங்கியும் வெளிச்சத்தில் இருந்த தட்டில் அதிகம் பிழைத்திருக்கும்.

காரணம் இதுதான். யூவி பட்டால் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான தைமின் அடுத்தடுத்து இரண்டு இருக்கும் இடத்தில் அவை ஒட்டிக்கொண்டு டைமர் என்ற ஜோடியாகிவிடும், நகலெடுக்கும் நொதி அங்கே தடுமாறும். ஃபோட்டோலயேஸ் என்ற நொதி நீல ஒளியின் ஆற்றலை வாங்கி அந்த ஒட்டை நேராகப் பிரித்துவிடுகிறது, ஒரு எழுத்தைக்கூட வெட்டுவதில்லை. இருட்டில் அந்த வழி இல்லை. அப்போது கெட்ட துண்டை இழையிலிருந்து வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்ப வேண்டும். நமக்கு ஃபோட்டோலயேஸ் கிடையாது, டைமரை நீக்க இந்த வெட்டும் வழிதான். அது பிறவியிலேயே பழுதான ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வருகிறது.

1940களின் கடைசியில் ஆல்பர்ட் கெல்னர் என்ற ஆய்வாளரும் யூவி பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா ஏன் தாறுமாறாகப் பிழைக்கிறது என்று வெப்பநிலையைத்தான் முதலில் சந்தேகித்தார், கடைசியில் காரணம் வெளிச்சம் என்று தெரிந்தது. உங்கள் ஜோடித் தட்டுகளிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் முதலில் இருட்டுத் தட்டில் எங்கிருந்தாவது வெளிச்சம் பட்டதா என்று பாருங்கள்.