கால் மரத்துப்போனால் செய்யக் கூடாதவை

என் அண்ணன் தையல்காரர். கல்யாண சீசனில் காலையில் கடையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் மதியம் எழுந்து வாசல் வரை போனவரின் வலது கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். தூக்க வரவில்லை.

காஜா, பட்டன் வேலைக்கெல்லாம் கால் மேல் கால் போட்டு உட்காருவது அவர் பழக்கம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அதை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே வளைந்து போகிறது. மணிக்கணக்கில் அங்கே அழுத்தம் விழுந்தால் நரம்பு நசுங்கும். பல வாரமாகவே அவருக்கு அங்கே மதமதவென்று இருந்திருக்கிறது. காலை உதறிவிட்டு மறுபடியும் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இதைத்தான் முதல் தவறு என்பேன். மரத்த இடம் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருந்தால், உட்காரும் விதத்தை அன்றைக்கே மாற்றியாக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடந்தாலே அழுத்தம் விலகும்.

பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து வண்டி ஓட்டுபவர்களுக்கு வேறு தொல்லை. இடுப்பிலிருந்து கால் வரை இறங்கும் சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடிமனானது, பிட்டத்தின் வழியாகத்தான் போகிறது. பர்ஸ் அதை அழுத்தினால் தொடையின் பின்பக்கம் சுருக் சுருக்கென்று இழுக்கும். உட்காரும் முன் பர்ஸை வெளியே எடுத்துவிடுங்கள்.

மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், அதிலும் சர்க்கரை இருப்பவர்கள் கொடுக்கவே கூடாது. சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நரம்பு இழுக்கும்போது காலை நீட்டி வலுக்கட்டாயமாகக் குனிவதும், ஆளை விட்டு அழுத்தி நீவச் சொல்வதும் எரிகிற நரம்பை மேலும் சீண்டும். மெல்ல நடப்பது நல்லது. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் உதவாது.

மெடிக்கலில் நாமாகவே வாங்கி விழுங்கும் 'நரம்பு மாத்திரை' பற்றியும் சொல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும் என்பது உண்மை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். இந்த மாத்திரைகள் பலவற்றில் சேர்ந்தே வரும் வைட்டமின் பி6 அதிக அளவில் பல மாதம் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மரக்க வைக்கும்.

இரண்டு தொடைக்கும் நடுவே, மலவாயைச் சுற்றி மரத்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி அது. அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

அண்ணனின் பாதம் பழையபடி தூக்க மூன்று மாதம் ஆனது. இப்போது காஜா வேலையைக் கட்டிங் டேபிளில் வைத்து நின்றுகொண்டேதான் செய்கிறார்.