இரண்டு ஆவணப் புகைப்படக்காரர்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது எப்படி? படிப்படியாக ஒரு செய்முறை

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) வகுப்பில் "ஆவணப் புகைப்படக்காரர்கள் இருவரை ஒப்பிட்டு எழுதுக" என்று அசைன்மென்ட் கொடுத்தால் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அச்சில்தான் வருகின்றன. முதல் இரண்டு பக்கம் ஒருவர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், என்ன விருது வாங்கினார் என்று போகும். அடுத்த இரண்டு பக்கம் இன்னொருவருக்கு அதே விவரம். கடைசிப் பத்தியில் "இருவருமே தத்தம் பாணியில் சிறந்தவர்கள்" என்று முடியும். படங்களைப் பற்றி உருப்படியாக ஒரு வரி இருக்காது. வாழ்க்கைக் குறிப்பு இணையத்தில் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். இரண்டு படங்களின் முன்னால் உட்கார்ந்து நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதைத்தான் ஆசிரியர் கேட்கிறார்.

இந்தச் செய்முறைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஜோடி டோரதியா லாங், வாக்கர் எவன்ஸ். காலம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம், இடம் அமெரிக்கா. உங்களுக்குப் பிடித்த வேறு இருவரை எடுத்தாலும் வேலை செய்யும் முறை இதேதான்.

படி 1: பொதுத் தளம் உள்ள ஜோடியைப் பிடியுங்கள்

ஒருவர் போர்க்களத்தில், இன்னொருவர் திருமண மண்டபத்தில் என்று எடுத்தால் வேற்றுமையை அடுக்கிக்கொண்டே போகலாம், சொல்வதற்கு எதுவும் இருக்காது. ஒப்பீட்டுக்கு முதலில் ஒற்றுமை வேண்டும். லாங், எவன்ஸ் இருவரும் 1935-ல், நலிந்த விவசாயிகளுக்கு உதவிய அமெரிக்க அரசின் மீள்குடியேற்ற நிர்வாகத்தில் புகைப்படக்காரர்களாகச் சேர்ந்தவர்கள். 1937-ல் அது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆனது. இருவருக்கும் மேலாளர் ராய் ஸ்ட்ரைக்கர். இருவருக்கும் மிகப் புகழ் தேடித் தந்த படங்கள் 1936-ல் எடுக்கப்பட்டவை, இரண்டிலும் ஏழைத் தாய் ஒருவர் இருக்கிறார். இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் சின்ன வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரிகிறது.

ஜோடியை முடிவு செய்ததும் ஆளுக்கு ஒரு படத்தை மையமாக வையுங்கள். ஆயிரத்து ஐந்நூறு சொல் கட்டுரைக்கு மொத்தம் நான்கு படங்கள் போதும். பத்துப் படங்களை இழுத்துப் போட்டால் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள்.

படி 2: படிப்பதற்கு முன் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலக இணையதளத்தில் இந்த அரசுப் புகைப்படத் திட்டத்தின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொபைல் திரையில் பார்க்காதீர்கள். கல்லூரி லேபில் பெரிய மானிட்டரில் திறந்து, நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். ஒரு விதி: சோகம், வறுமை, வலி, நம்பிக்கை ஆகிய சொற்களுக்கு இப்போது அனுமதி இல்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்.

லாங்கின் 'புலம்பெயர் தாய்' படத்தை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில், 1936 மார்ச்சில் எடுத்தது. நோட்டில் என்ன வரும்? நடுவில் ஒரு பெண். வலது கை கன்னத்தோரம். சட்டைக் கையின் விளிம்பு நைந்து கிழிந்திருக்கிறது. நெற்றியில் சுருக்கங்கள். கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை, படத்துக்கு வெளியே எங்கோ. இரண்டு தோள்களிலும் ஒவ்வொரு குழந்தை சாய்ந்திருக்கிறது, இரண்டு பேர் முகமும் நமக்குத் தெரியாதபடி திரும்பியிருக்கிறது. மடியில் துணி சுற்றிய கைக்குழந்தை. முகாம் என்று சொல்ல ஓரத்தில் ஒரு கூடாரக் கம்பம் மட்டுமே.

அடுத்தது எவன்ஸ். அலபாமா மாநிலம் ஹேல் கவுண்டியில் 1936 கோடையில் எடுத்த அல்லி மே பரோஸின் படம். குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட விவசாயியின் மனைவி. தோள் வரை மட்டும். பின்னால் வர்ணம் பூசாத மரப்பலகைச் சுவர், பலகைகளின் கோடுகள் கிடைமட்டமாக ஓடுகின்றன, மரத்தின் வரிகூடத் தெரிகிறது. தலைமுடியை வகிடெடுத்து இழுத்துக் கட்டியிருக்கிறார். உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. புருவம் லேசாக நெரிந்திருக்கிறது. கண்கள் நேராக லென்ஸுக்குள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கட்டுரை அங்கேயே பாதி வந்துவிட்டது. ஒருவர் நம்மைப் பார்க்கவில்லை, ஒருவர் நம்மைத்தான் பார்க்கிறார்.

படி 3: ஒரே ஒரு கேள்வி

"இவர்களில் யார் சிறந்தவர்?" என்பது கேள்வி ஆகாது. "இவர்களின் ஒற்றுமை வேற்றுமைகள் யாவை?" என்பது பத்தாம் வகுப்பு வினாத்தாள். நல்ல கேள்வி நீங்கள் பார்த்த ஒரு விவரத்திலிருந்து பிறக்கும். மேலே கண்களில் தெரிந்த வித்தியாசத்தை வைத்து இப்படிக் கேட்கலாம்: வறுமையில் இருக்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது, படத்தைப் பார்க்கும் நம்மை இவர்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்?

இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். அதுதான் உங்கள் வாதம். உதாரணமாக: "லாங் நம்மை உதவக்கூடியவராக நிறுத்துகிறார், எவன்ஸ் நம்மை எதிரில் நிற்கும் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக நிறுத்துகிறார்." இதை ஒருவர் மறுக்க முடியும். மறுக்க முடிகிற வாக்கியமாக இருந்தால்தான் வாதம்.

படி 4: இப்போது படியுங்கள், ஆனால் படத்துக்காகப் படியுங்கள்

பின்னணி தேடும்போது ஒவ்வொரு தகவலையும் "இது படத்தில் எதை விளக்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். எதையும் விளக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். லாங் பயன்படுத்தியது 4 x 5 அங்குல கிராஃப்ளெக்ஸ், கையில் பிடித்துக்கொண்டு நகர முடியும். அதே முகாமில் அதே குடும்பத்தை எடுத்த மற்ற படங்களும் நூலகத்தில் இருக்கின்றன. தூரத்திலிருந்து எடுத்ததில் கூடாரமும் மூத்த மகளும் தெரிகிறார்கள். நெருக்கமான படங்களில் இடம் மறைந்து முகம் மட்டும் மிஞ்சுகிறது. எவன்ஸின் கையில் இருந்தது ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்க வேண்டிய 8 x 10 அங்குலப் பெரிய கேமரா. எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் அதில் படம் எடுக்க முடியாது. அவர் நின்று, காத்திருந்து, நேராகப் பார்க்கத்தான் வேண்டும். இந்தத் தகவல் படத்தை விளக்குகிறது, எனவே கட்டுரைக்குள் வரலாம்.

படம் எங்கே போனது என்பதும் முக்கியம். லாங்கின் நிப்போமோ படங்கள் 'சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்' நாளிதழில் வெளியாகி, அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு (சுமார் 9,000 கிலோ) உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. எவன்ஸ் அலபாமாவுக்குப் போனது 'ஃபார்ச்சூன்' இதழுக்காக, எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியுடன். நெகட்டிவ்கள் அரசுக்கே சொந்தம் என்ற நிபந்தனையோடு ஸ்ட்ரைக்கர் அவரை அனுப்பினார். இதழ் அந்தக் கட்டுரையை வெளியிடவில்லை. 1941-ல் அது புத்தகமாக வந்தபோது எவன்ஸின் படங்கள் முன்பக்கங்களில், ஒரு குறிப்பும் இல்லாமல் நின்றன.

பெயர்களைத் தொடர்ந்து போங்கள், இங்கே அள்ள அள்ளக் கிடைக்கும். லாங் தன் படத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்கவில்லை என்று 1960-ல் தானே எழுதினார். நூலகக் குறிப்பிலும் ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்றுதான் இருந்தது. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் 1978-க்குப் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. அலபாமா புத்தகத்திலும் பரோஸ் என்ற பெயர் இல்லை, ஏஜி அவரை 'ஆனி மே கட்ஜர்' ஆக்கியிருந்தார். ஓரிடத்தில் பெயர் கேட்கப்படவே இல்லை. மற்றோரிடத்தில் பெயர் தெரிந்தே, அந்தக் குடும்பத்தின் அந்தரங்கத்தைக் காக்க மறைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை வைத்தே ஒரு முழுக் கட்டுரை எழுதலாம்.

எடுத்தவர் சொல்வதையும் சரிபாருங்கள். குடும்பம் கார் டயர்களை விற்றுச் சாப்பிட்டதாக லாங் நினைவுகூர்ந்தார், தாம்சனின் குடும்பத்தினர் அப்படி நடக்கவில்லை என்கிறார்கள். கட்டுரையில் இருவர் கூற்றையும் வையுங்கள்.

படி 5: அமைப்பு

லாங்கை முழுதாக முடித்துவிட்டு எவன்ஸுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் இருவரும் இருக்கட்டும். ஒரு பத்திக்குப் பார்வை, ஒன்றுக்குப் பின்னணி, ஒன்றுக்குக் கேமரா, ஒன்றுக்குப் பெயரும் குறிப்பும். அவ்வளவுதான்.

பத்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. முதலில் வழக்கமாக வருவது:

"லாங் உணர்ச்சிபூர்வமாகப் படம் எடுப்பவர். எவன்ஸ் நடுநிலையாகப் படம் எடுப்பவர். இருவரும் ஏழைகளின் வாழ்வை உலகுக்குக் காட்டினர்."

இதையே படத்தைப் பார்த்து எழுதினால்:

"லாங்கின் படத்தில் முகாம் ஏறத்தாழ இல்லை. கூடாரம் முழுதாகத் தெரியும் படத்தையும் அவர் எடுத்திருந்தார், ஆனால் புகழ்பெற்றது தாயும் மூன்று குழந்தைகளும் மட்டுமே சட்டத்தை நிறைக்கும் படம். இடம் போய்விட்டதால் அவர் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய தாயாகிவிடுகிறார், பார்ப்பவருக்கு உடனே மனம் இளகுகிறது. எவன்ஸின் படத்தில் சுவர் அகலவில்லை. அது பரோஸ் வாழும் வீட்டின் சுவர், அதன் பலகைக் கோடுகள் அவர் நெற்றிக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. அவரைப் பொதுவான ஏழையாக நினைத்துக்கொள்ள அந்தச் சுவர் விடுவதில்லை."

இரண்டாவது பத்தியில் "உணர்ச்சிபூர்வம்" என்ற சொல்லே இல்லை. ஆனால் லாங்கின் படம் எப்படி உணர்ச்சியை எழுப்புகிறது என்பது தெரிகிறது.

படி 6: உங்கள் வாதத்துக்கு எதிரான படத்தைத் தேடுங்கள்

இதைச் செய்கிற மாணவரின் கட்டுரை தனியாகத் தெரியும். எவன்ஸ் எப்போதும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி நேராக நின்று எடுத்தவர் என்று எழுதிவிட்டீர்களா? 1938 முதல் 1941 வரை நியூயார்க் சப்வே ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து வைத்துப் பயணிகளை எடுத்தவரும் அவரே. லாங் அரசின் பிரச்சாரத்துக்கு ஒத்துழைத்தவர் என்று எழுதினீர்களா? இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பியதைப் பதிவு செய்ய அரசே அவரை நியமித்தது. எடுத்த படங்கள் அரசுக்குச் சாதகமாக இல்லை, போர் முடியும்வரை அவற்றை வெளியே விடவில்லை. நிப்போமோ படத்திலேயே இன்னொன்று இருக்கிறது: வலது கீழ் மூலையில் கம்பத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலை லாங் பிற்பாடு ரீடச் செய்து மறைக்க வைத்தார். உள்ளதை உள்ளபடி காட்டும் ஆவணம் என்று எழுதியிருந்தால் அந்த வரியைத் திருத்தியாக வேண்டும்.

இப்படி ஒன்று கிடைத்தால் ஒளிக்காதீர்கள். வாதத்தைக் கொஞ்சம் சுருக்குங்கள். "எவன்ஸ்" என்பதை "1936-ல் அலபாமாவில் எவன்ஸ்" என்று மாற்றினாலே பல நேரம் போதும்.

படி 7: முன்னுரையும் படக்குறிப்பும்

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். "புகைப்படம் ஆயிரம் சொற்களுக்குச் சமம்" என்று தொடங்க வேண்டாம். இரண்டு படங்களையும் இரண்டு வரியில் காட்டிவிட்டு நேராகக் கேள்விக்கு வந்துவிடுங்கள்.

படங்களைக் கட்டுரைக்கு நடுவில், பேசும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கடைசிப் பக்கத்தில் குவிக்காதீர்கள். இந்த இரண்டு படங்களும் அரசுக்காக எடுக்கப்பட்டவை என்பதால் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, இருந்தாலும் குறிப்பு அவசியம். எடுத்தவர் பெயர், படத்தில் இருப்பவர் பெயர், இடம், ஆண்டு, காங்கிரஸ் நூலகத்தின் எண். லாங்கின் படத்துக்கு 'புலம்பெயர் தாய்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயரையும் அதே வரியில் எழுதுங்கள்.