கியர் சைக்கிளுக்கு எந்தத் தடம்? வடசென்னையிலிருந்து கிளம்புபவர்களுக்கு

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் மூலக்கடை மேம்பாலம். தரை அப்படி. அதனால்தான் புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கியவர்கள் போட்டோவைப் பார்த்து மயங்கி, முதல் பயணத்துக்கே ஏதாவது மலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாதி வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அழகான இடம் வேறு, உங்கள் காலுக்கும் சைக்கிளுக்கும் ஒத்துவரும் இடம் வேறு. பிடித்த தடங்களின் பட்டியலைக் கீழ்க்கண்ட வரிசையில் போட்டால் பெட்ரோல் காசும் முழங்காலும் மிச்சம்.

படி 1: உங்கள் சைக்கிள் எதைத் தாங்கும்?

முதலில் பல் எண்ணுங்கள். செயின் ஓடும் பல்சக்கரங்களில், பெடல் பக்கம் இருக்கும் சின்னதன் பற்களைப் பின்சக்கரத்தில் இருக்கும் பெரியதன் பற்களால் வகுக்க வேண்டும். முன்னால் 24, பின்னால் 28 என்றால் 0.86. முன்னால் 32, பின்னால் 42 என்றால் 0.76. விடை 1-க்குக் கீழே வந்தால் மலைச்சாலையை யோசிக்கலாம். கியரே இல்லாத 44-க்கு 18 சைக்கிளில் இந்த விடை 2.4-ஐத் தாண்டும். அதை ஏரிக்கரைக்கும் கடற்கரை ஊர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். லீவரை முழுக்கப் பிடித்தால் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. டிஸ்க் பிரேக் என்றால் பேடில் தேயும் பகுதி 1 மி.மீ.க்குக் குறைந்ததும் மாற்றிவிட வேண்டும். சமதரையில் மாதக்கணக்கில் ஓடும் பேட் மலை இறக்கத்தில் வேகமாகத் தேயும். கேபிள் பிரேக்கில் இறக்கத்தின் நடுவிலேயே லீவர் தளர்ந்து போவது சகஜம், அப்போது திருகை இறுக்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: நிறங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டில் இதற்கென்றே தட மையங்கள் உண்டு. வண்டி நிறுத்த இடம், வாடகை சைக்கிள், ஒரே திசையில் சுற்றிவரும் பாதை, ஒவ்வொன்றின் வாசலிலும் நிறப் பலகை. பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். வட அமெரிக்க முறையில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம். பச்சை என்றால் அகலமான, கல் குறைந்த பாதை. நீலத்தில் ஒற்றையடிப் பாதையும் சின்னச் சின்ன வேர், கல்லும் வரும். சிவப்பில் செங்குத்தான ஏற்றமும் படி மாதிரியான இறக்கமும் இருக்கும். கறுப்பு பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

நம்மூரில் பலகை இல்லை, ஆகவே நிறத்தை நாமே போட வேண்டும். ஒரு பாதையின் மிக மோசமான 50 மீட்டரை வைத்தே நிறம் போடுங்கள். பத்து கி.மீ. பச்சைக்கு நடுவில் ஒரேயொரு சிவப்பு இறக்கம் இருந்தாலும் அது சிவப்புத் தடம்தான்.

படி 3: ஒரு கி.மீ.க்கு எத்தனை மீட்டர் ஏற்றம்?

தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்கிற பிழை. மொத்த ஏற்றத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கி.மீ.க்கு 10 மீட்டருக்குள் இருந்தால் சமதரை மாதிரி. 10 முதல் 20 வரை ஆரம்பநிலையாளர் சமாளிப்பார். 25-ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும். ஏலகிரி சாலை சுமார் 14 கி.மீ., ஏற்றம் ஏறத்தாழ 600 மீட்டர். ஆக கி.மீ.க்கு 40-க்கு மேல். பழவேற்காடு போய்வந்து 100 கி.மீ. ஓட்டியவரையும் இந்த 14 கி.மீ. உட்கார வைத்துவிடும்.

நேரக் கணக்கும் மாறும். தார்ச்சாலையில் மணிக்கு 18 கி.மீ. போகிறவர் கல்லும் மண்ணுமான பாதையில் 8 முதல் 10 கி.மீ.தான் போவார். 15 கி.மீ. மண்தடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பஞ்சருக்குத் தனியாக அரை மணி.

படி 4: மண்ணைப் பாருங்கள், காற்றை மாற்றுங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று வகை மண் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் உப்பு மணல். ஏரிக்கரைகளில் களிமண், காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் அல்வா. பூண்டி, ஊத்துக்கோட்டை பக்கம் செம்மண்ணும் உருளைக்கல்லும். மூன்றுக்கும் ஒரே காற்றழுத்தம் ஒத்துவராது.

தெருமுனைப் பஞ்சர் கடையில் காற்றடித்தால் டயர் கல் மாதிரி ஆகிவிடும். சாதா சைக்கிளுக்குப் பழகிய கை அது. அழுத்தம் காட்டும் பம்ப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். 65 கிலோ எடையுள்ளவர், 2.1 அங்குல டயர், உள்ளே டியூப் என்றால், செம்மண் கிராவலுக்கு முன்னால் 28 பிஎஸ்ஐ (பம்ப் காட்டும் காற்றழுத்த அளவு), பின்னால் 32 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். மணலில் 20 முதல் 22 வரை இறக்கலாம். திரும்பி வரும்போது தார்ச்சாலையில் 40-க்கு ஏற்றிக்கொண்டால் மிதிப்பது லேசாகும். எடை 10 கிலோ கூடினால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

காற்று மிகக் குறைந்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு ஓட்டை விழும். ஒற்றை ஓட்டை என்றால் முள். நம் பக்கத்தில் பெரும்பாலும் வேலிகாத்தான் முள்தான், ஏரிக்கரை முழுக்க அது. புது டியூப் மாட்டும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பாருங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். இதைச் செய்யாமல் அவசரமாக மாட்டுகிறவர்தான் ஐந்தே நிமிடத்தில் இரண்டாவது டியூபையும் இழக்கிறார். டியூப் இல்லாத டயர் போட்டிருந்தால் 29 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 100 மி.லி. அடைப்புத் திரவம் ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் பாருங்கள்.

மழைக்காலத்தை மறக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. களிமண் கரையில் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சேறு அடைத்து வண்டி நின்றுவிடும், கரையும் பாழாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். நமக்கு வாய்த்த பருவம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை.

படி 5: அனுமதி

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகளும் இறுகின. கோடையில் தீப்பயத்தால் காட்டுப் பாதைகளை மூடுவதும் உண்டு. வனச்சரக அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தில் வருபவர்களின் பெயர், தேதி, உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம், பாதை, எத்தனை சைக்கிள் ஆகிய ஆறும் இருக்கட்டும். நடந்து போகக் கிடைத்த அனுமதி சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், வாய்விட்டுக் கேளுங்கள். புழல், சோழவரம் குடிநீர் ஏரிகளின் கரை மேல் ஏறுவதற்கும் இதே கதைதான். காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

படி 6: எப்படிப் போய்ச் சேர்வது?

எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி பக்கமும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள்தான் ராஜா. மலையில் விழுந்து அடிபடுவதை விட இந்தச் சாலைகளில்தான் ஆபத்து அதிகம் என்பது எங்கள் கணக்கு. விடியும் முன் கிளம்ப வேண்டியிருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். லாரியின் இடப்பக்கம் நுழையவே கூடாது, ஓட்டுநருக்கு அங்கே நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

ஆறு பேர் சேர்ந்தால் ஒரு குட்டி யானை பேசிவிடலாம். ஹேண்டில்பாரை மாற்றி மாற்றி நிறுத்தி, நடுவே அட்டைப்பெட்டியோ பழைய போர்வையோ வைத்துக் கட்டுங்கள். பின்சக்கரத்தருகே செயினை நகர்த்திக் கியர் மாற்றும் இரும்புக் கை (டிரெய்லர்) இருக்கும் வலப்பக்கம் எதன் மீதும் சாயக் கூடாது. அந்தக் கை வளைந்து போனால், மலையில் சின்னக் கியருக்கு மாற்றும்போது அது ஸ்போக்குக்குள் போய் மாட்டி, பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

தூர ஊர் என்றால் விரைவு ரயிலில் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை லக்கேஜாகப் பதியலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். ரயில் இரண்டே நிமிடம் நிற்கும் சின்ன ஸ்டேஷனைத் தவிர்த்து ஜங்ஷனாகப் பார்த்து இறங்குவது நல்லது.

படி 7: எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் பழவேற்காடு. பொன்னேரியிலிருந்து சுமார் 18 கி.மீ., ஏற்றமே கிடையாது. மணலில் ஓட்டப் பழக இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, லேசான கியரில் விடாமல் மிதிக்க வேண்டும். ஹேண்டிலை வெடுக்கென்று திருப்பினால் முன்சக்கரம் புதையும். பறவைகள் இருக்கும் சேற்றுப் பரப்புக்குள் இறங்காதீர்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். உப்பை ஒரே இரவு விட்டால் மறுநாள் செயின் சிவந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் குழாயை ஹப் மீது நேராகப் பீய்ச்ச விடாதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் கழுவிப் போய்விடும்.

இரண்டாவது, பூண்டி, குடியம் சுற்றுவட்டாரம். செங்குன்றத்திலிருந்து சுமார் 50 கி.மீ. அந்தப் பக்கத்து உருளைக்கற்களில்தான் ஆதி மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். அந்தக் கைக்கோடரிகள் அகழாய்வில் கிடைத்த அதிரம்பாக்கம் அங்கேதான் இருக்கிறது. தொல்லியலுக்குப் பொக்கிஷமான அதே கல் சைக்கிளுக்குக் கோலிக்குண்டு: முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, கல் மேல் பிரேக்கைத் தொடாமல் உருள விடுங்கள். குடியம் குகைக்குப் போகும் பாதை காட்டுக்குள், படி 5-ஐ மறுபடி படிக்கவும். ஊரைச் சுற்றிய மண்சாலைகளே புதியவருக்குத் தாராளம்.

தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு ஆந்திராவில், தடா ஸ்டேஷனிலிருந்து வரதய்யபாளையம் வழியாகச் சுமார் 30 கி.மீ. நுழைவுச் சீட்டு வாங்கும் இடம் வரை சாலை சரி, பிறகு கரடுமுரடு. மழைக்காலத்தில் தண்ணீர் திடீரென்று ஏறும். சைக்கிளுக்காகப் போகிறவர்கள் குளத்தில் இறங்காமல் திரும்பினாலே நல்லது.

ஏலகிரிக்கு ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். மலையடிவார ஊரின் பெயரும் பொன்னேரிதான்! கைபேசி வரைபடத்தில் பொன்னேரி என்று மட்டும் தட்டினால் மீஞ்சூருக்கு அடுத்த நம்ம பொன்னேரிக்கே வழி காட்டக்கூடும், திருப்பத்தூர் மாவட்டம் என்று சேர்த்துத் தட்டுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வளைவின் உட்புறம்தான் செங்குத்து, வளைவுக்கு முன்பே சின்னக் கியருக்கு மாறிவிடுங்கள். பாரத்தோடு மாற்றினால் செயின் கழலும், சில சமயம் அறும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தி, பிறகு விட்டு, ஆற விட்டு வாருங்கள்.

கேரளத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. போட்டிப் பாதையை நம்பி ரயில் ஏறாதீர்கள். நமக்கு அங்கே 22 வளைவுச் சாலையே போதும். ஈரக் காலத்தில் காலில் அட்டைப்பூச்சி ஏறும், ஒரு சிட்டிகை உப்பைத் துணியில் கட்டி எடுத்துப் போங்கள்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் யோகம். புலாவ் உபின் தீவில் 2008-இல் திறந்த கேட்டம் மலைச் சைக்கிள் பூங்காவுக்கு சாங்கி முனையிலிருந்து படகில் போகலாம். மொத்தம் சுமார் 10 கி.மீ., நீலச் சதுரத்தில் தொடங்கி இரட்டைக் கறுப்பு வைரம் வரை. தீவிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும். படி 2-இல் சொன்ன நிறங்களைக் காலால் புரிந்துகொள்ள அதுதான் நல்ல பள்ளிக்கூடம். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு கிளென்ட்ரெஸ் தட மையம். பச்சையிலிருந்து கறுப்பு வரை எல்லாம் ஒரே மலையில்.

படி 8: பையில் என்ன, நோட்டில் என்ன

அளவும் வால்வும் பொருந்தும் டியூப் இரண்டு, டயர் கழற்றும் லீவர் இரண்டு, சின்ன பம்ப், பேட்ச், 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி, உங்கள் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற செயின் இணைப்பு. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். ஓஆர்எஸ் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்குங்கள், பாதி பாதியாக வேண்டாம். கடலை மிட்டாய், வாழைப்பழம்.

போய்வந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்: தூரம், ஏற்றம், மோசமான 50 மீட்டரின் நிறம், டயர் அழுத்தம், பஞ்சர் எண்ணிக்கை, தண்ணீர் கிடைத்த கடைசிக் கடை, கைபேசி டவர் எங்கே போனது. ஒரே இடத்துக்கு இரண்டு பருவத்தில் போன பிறகே அதைப் பிடித்த தடம் என்று பட்டியலில் ஏற்றுங்கள். ஜனவரியில் சொர்க்கமாகத் தெரிந்த ஏரிக்கரை மே மாதம் முள்ளும் புழுதியுமாகத்தான் இருக்கும்.