ஆட்-ஆன் போர் விமானம் மக்கர் செய்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"விமானம் சரியாக ஓடவில்லை, என்ன செய்வது?" என்று விமானச் சிமுலேட்டருக்கு (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளுக்கு) புதியவர்கள் யாராவது கேட்டால், இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் சொல்லும் பட்டியல் பெரும்பாலும் நான் தொடங்கிய காலத்தில் செய்துகொண்டிருந்த அதே காரியங்களின் பட்டியலாக இருக்கும். பழுது சின்னது, அதைத் தேடிப் போன விதம்தான் பெரிய சேதத்தை உண்டாக்கியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேபிளைச் செருகினீர்களா, டிரைவரைப் புதுப்பித்தீர்களா போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும். என் அனுபவம் அதிகமும் டிசிஎஸ் வேர்ல்ட் (சுருக்கமாக டிசிஎஸ்) என்ற போர் விமானச் சிமுலேட்டரில்தான். மற்ற சிமுலேட்டர்களுக்கும் பொருந்துகிற இடங்களில் அவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விமானத்தின் இயல்பைப் பழுது என்று நினைப்பது

போர் விமான மாட்யூல்கள், அதாவது சிமுலேட்டரில் ஆட்-ஆனாகச் சேர்க்கும் போர் விமானங்கள், பயணிகள் விமானங்களைப் போல இல்லை. நிஜ விமானத்தில் விமானிக்கு எரிச்சலூட்டிய விஷயங்களையும் சேர்த்தே நல்ல மாட்யூல்களில் கட்டியிருப்பார்கள். அது தெரியாமல் பழுது பார்க்கத் தொடங்கினால் முடிவே இருக்காது.

மிக்-21பிஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் பெடலை மிதித்தால் திரும்பவில்லை, பெடல் கெட்டுவிட்டது என்பார்கள். அந்த விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கே கிடையாது. அது தன்போக்கில் சுழலும். பிரேக் லீவரைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தால், அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போய் விமானம் திரும்பும். பிரேக் லீவருக்கு ஒரு பொத்தானை ஒதுக்காதவர் எவ்வளவு மிதித்தாலும் நேராகத்தான் போவார்.

எஃப்-16இல் ஐஎன்எஸ் (விமானம் தன் இருப்பிடத்தைக் கணக்கிடும் வழிகாட்டுக் கருவி) தயாராகும் அலைன்மென்ட் முழுமையாக முடிய ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். முன்பே சேமித்த திசையைப் பயன்படுத்தும் ஸ்டோர்டு ஹெட்டிங் முறையில் ஒன்றரை நிமிடம். அது முடியும் முன்பே டாக்ஸி செய்தாலோ (தரையில் ஓட்டினாலோ), முடிந்த பிறகு குமிழை நேவ் நிலைக்குத் திருப்ப மறந்தாலோ, மேலே போன பிறகு வழிகாட்டுதல் தாறுமாறாக இருக்கும். எஃப்/ஏ-18சி ஹார்னெட்டில் இன்னொரு பிரிவு உண்டு: தரைத்தளத்தில் குமிழை ஜிஎன்டியிலும், கப்பலில் சிவியிலும் வைக்க வேண்டும். கப்பல் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் இரண்டுக்கும் கணக்கு வேறு.

எஃப்-14ஏ ஓட்டுபவர்கள், மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி த்ராட்டிலை வெடுக்கென்று அசைத்ததும் எஞ்சின் டமார் என்று சத்தமிட்டு அடங்கிவிடுகிறது என்று புகார் சொல்வார்கள். அந்த டிஎஃப்30 எஞ்சின் நிஜத்திலும் அப்படித்தான் கம்ப்ரஸர் ஸ்டால் ஆகும், அதாவது உள்ளே காற்றோட்டம் தடைபடும். அதனால்தான் பின்னால் வந்த எஃப்-14பி ரகத்துக்கு எஃப்110 எஞ்சினைப் பொருத்தினார்கள்.

சரி, பழுதா இயல்பா என்று எப்படிப் பிரிப்பது? அந்த மாட்யூலோடு வரும் தயார் நிலைப் பயிற்சி மிஷனில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால், கோளாறு நீங்கள் ஸ்டார்ட் செய்த வரிசையில் இருக்கிறது. மாட்யூலில் கை வைக்காதீர்கள்.

ஒரே ஆக்சிஸை எல்லாக் கருவிக்கும் விட்டுவைப்பது

புதிதாக ஒரு கருவியைச் செருகியதும், டிசிஎஸ் தானாகவே அதற்கும் பிட்ச் (மூக்கு மேல்-கீழ்), ரோல் (இறக்கைச் சாய்வு), ரடர், த்ராட்டில் என்று ஆக்சிஸ்களை, அதாவது அசைவுக் கட்டுப்பாடுகளை, ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல் மூன்றும் தனித்தனி யூஎஸ்பி கருவிகள் என்றால், மூன்றும் ரோலை இழுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. த்ராட்டிலைத் தள்ளினால் இறக்கை சாயும், ஆட்டோபைலட் போட்ட நொடியில் கழன்றுவிடும். இதை ஃப்ளைட் மாடல் கோளாறு என்று அடித்துச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பறக்கும்போது வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். கட்டுப்பாடுகளின் நிலையைக் காட்டும் சின்ன சிவப்புப் பெட்டி வரும். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, மற்றக் கருவிகளை ஒவ்வொன்றாக அசையுங்கள். நகரக் கூடாதது நகர்ந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அப்புறம் ஆக்சிஸ் பட்டியலுக்குப் போய், தேவையில்லாதவற்றை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும், ஒன்றில் செய்தது இன்னொன்றுக்கு வராது.

பிரச்சினை வந்ததும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆத்திரம் வரவழைக்கும் தவறு இதுதான். செய்பவர்கள் மேல் ஆத்திரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க" என்று முதல் பதிலாகவே சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தின் மேல்தான்.

டிசிஎஸ் உங்கள் கணினியில் இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒன்று நீங்கள் நிறுவிய ஃபோல்டர். அதில் சிமுலேட்டரும் வாங்கிய மாட்யூல்களும் இருக்கும். இன்னொன்று விண்டோஸில் உங்கள் பெயரின் கீழ் இருக்கும் சேவ்டு கேம்ஸ் ஃபோல்டருக்குள் டிசிஎஸ் என்ற ஃபோல்டர். பொத்தான் அமைப்புகள், கிராஃபிக்ஸ் தேர்வுகள், இலவச மோட் விமானங்கள், வெளி மென்பொருள்கள் எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள், ஷேடர் கேஷ் (காட்சிக்காகச் சேமித்த தற்காலிக ஃபைல்கள்), லாக் (நடந்ததை வரி வரியாகப் பதிவுசெய்யும் ஃபைல்) எல்லாம் அங்கேதான்.

சிமுலேட்டரை அன்இன்ஸ்டால் செய்தால் முதல் ஃபோல்டர்தான் போகும். இரண்டாவது அப்படியே இருக்கும். முதல் ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை நாம் தொடுவதே இல்லை. அவை கெட்டாலும் ரிப்பேர் வசதி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கெட்டதை மட்டும் மாற்றிவிடும். நாம் தினமும் கை வைப்பது இரண்டாவது ஃபோல்டரில்தான், கோளாறும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் 100 ஜிபிக்கு மேல் மறுபடி இறக்கி முடித்து உட்கார்ந்தால், அதே கோளாறு அதே இடத்தில் காத்திருக்கும்.

ஒரு நண்பருக்கு இதுதான் நடந்தது. ஹார்னெட்டில் மட்டும் சில விநாடிக்கு ஒருமுறை காட்சி இடறியது. மற்ற விமானங்களில் இல்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினார். இடறல் போகவில்லை. கணினிதான் போதவில்லை என்று முடிவுகட்டி கூடுதல் ரேம் வாங்கிப் போட்டார். அப்போதும் போகவில்லை. "அண்ணா, இந்த மாட்யூலே வேண்டாம்னு தோணுது" என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். சிமுலேட்டரை மூடிவிட்டு, சேவ்டு கேம்ஸில் இருந்த டிசிஎஸ் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்தோம். மறுபடி திறந்ததும் அது புதிதாக ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கிக்கொண்டது. ஹார்னெட்டில் ஏறினோம். இடறல் இல்லை. அப்படியானால் குற்றவாளி பழைய ஃபோல்டருக்குள் எங்கோ இருக்கிறான். பிறகு ஒவ்வொரு துணை ஃபோல்டராகத் திரும்பக் கொண்டுவந்தோம். முதலில் கான்ஃபிக், சரியாக இருந்தது. அப்புறம் மோட்ஸ், அதுவும் சரி. ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரை வைத்ததும் இடறல் திரும்பி வந்தது. உள்ளே எக்ஸ்போர்ட் ஃபைலில் ஒரு வரி, ஹார்னெட்டின் திரைகளை வேறொரு கருவியில் காட்ட அவர் எப்போதோ நிறுவி, பிறகு நீக்கிவிட்ட ஒரு மென்பொருளுக்குரியது. மென்பொருள் போய்விட்டது, அது எழுதிய வரி போகவில்லை. அந்த வரியை எடுத்ததும் எல்லாம் முடிந்தது.

இதில் என்னை அதிகம் வருத்தியது வேறு. லாக் ஃபைலைத் திறந்து பார்த்தபோது, அந்த ஸ்கிரிப்டின் பெயரோடு எரர் வரி வரிசையாக நின்றது. முதல் நாளே அதைத் திறந்திருந்தால் ரேமும் வேண்டாம், டவுன்லோடும் வேண்டாம். லாக்கைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். எரர் என்று எழுதியதெல்லாம் ஆபத்தில்லை. ஒழுங்காக ஓடும் நாளிலும் அதில் நிறைய எரர் இருக்கும். அதனால் எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளின் லாக்கை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நாளின் லாக்கோடு ஒப்பிடுங்கள். புதிதாக எது வந்திருக்கிறது, சிமுலேட்டர் நின்றுபோவதற்கு முந்தைய சில வரிகளில் எந்த விமானத்தின், எந்த ஃபைலின் பெயர் இருக்கிறது என்று மட்டும் தேடினால் போதும். இன்னொன்று: சிமுலேட்டரை மறுபடி திறந்தால் புது லாக் எழுதத் தொடங்கிவிடும். பழையது ஒன்றுதான் பெயர் மாறித் தங்கும். "இன்னொரு தடவை திறந்து பார்க்கலாம்" என்று திறந்துகொண்டே போனால் ஆதாரம் அழிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சேவ்டு கேம்ஸில்தான் பிரச்சினை என்று யாரோ சொல்லக் கேட்டு, அதை அப்படியே டெலிட் செய்துவிடுவது. பல விமானங்களுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த பொத்தான்கள், சேர்த்து வைத்த மிஷன்கள், எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். எல்லாவற்றையும் இழந்தவரின் குரலை ஒருமுறை கேட்டால் போதும், அந்த யோசனையை இன்னொருவருக்குச் சொல்ல வாய் வராது. பெயரை மாற்றுங்கள், அழிக்காதீர்கள். நான் தயங்காமல் அழிக்கச் சொல்வது எஃப்எக்ஸ்ஓ, மெட்டாஷேடர்ஸ்2 என்ற இரண்டு ஷேடர் கேஷ் ஃபோல்டர்களை மட்டும்தான். சிமுலேட்டர் அவற்றை மறுபடி தானே உருவாக்கிக்கொள்ளும். முதல் முறை திறக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும் கதை இதுவே. அங்கே வெளியிலிருந்து சேர்க்கும் ஆட்-ஆன்கள் இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டர். அதன் பெயரை மாற்றிவிட்டு, வெற்று ஃபோல்டரில் சந்தேகப்படும் போர் விமானத்தை மட்டும் வைத்துப் பறந்து பாருங்கள். தனியாக இருக்கும்போது ஒழுங்காகப் பறந்தால், சண்டை வேறு ஏதோ ஆட்-ஆனோடு. மற்றவற்றில் பாதியைத் திரும்ப வையுங்கள், பார்த்துவிட்டு மீதிப் பாதியை வையுங்கள். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால், பெரிய தொகுப்பிலும் சண்டைக்காரனைச் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

ஒரே நேரத்தில் நாலு மாற்றம்

ஒன்றை மாற்றுங்கள், பறந்து பாருங்கள், அப்புறம் அடுத்தது.

ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஃபோல்டர்

ஏ-4இ-சி போன்ற இலவச மோட் விமானங்கள் பட்டியலிலேயே வரவில்லை என்றால், ஜிப்பை விரித்தபோது ஒரு அடுக்கு கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

யூஎஸ்பி துளையை மாற்றிச் செருகுவது

டிசிஎஸ் ஒவ்வொரு கருவிக்கும் அதன் அடையாள எண்ணோடு தனி ஃபைலில் பொத்தான் அமைப்பை வைத்திருக்கிறது. துளையை மாற்றினாலோ விண்டோஸை மறுபடி நிறுவினாலோ அந்த எண் மாறக்கூடும். அப்போது பட்டியல் வெறுமையாக இருக்கும், எல்லாம் போய்விட்டது என்று மனம் உடைந்துபோவார்கள். பழைய ஃபைல் கான்ஃபிக்குக்குள் இன்புட் ஃபோல்டரில் அந்த விமானத்தின் பெயரின் கீழே பத்திரமாக இருக்கும். அமைப்புத் திரையில் அந்தக் கருவியின் பத்தியைத் தேர்ந்தெடுத்து, லோட் ப்ரொஃபைல் மூலம் அந்த ஃபைலைக் காட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். அந்த இன்புட் ஃபோல்டருக்கு அவ்வப்போது ஒரு நகல் எடுத்து வேறு டிரைவில் வையுங்கள். அளவில் மிகச் சிறியது.

லிவரியை (விமானத்தின் வண்ணப்பூச்சை) போட்டும் தெரியவில்லை என்றால்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் ஒவ்வொரு தொகுப்பிலும் லேஅவுட் என்ற ஃபைல் உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிடும். பட்டியலில் இல்லாத ஃபைலைச் சிமுலேட்டர் பார்க்காது. மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் ஏர்கிராஃப்ட் கான்ஃபிக் ஃபைலில் வரிசை எண் 0, 1, 2 என்று இடைவெளி இல்லாமல் போக வேண்டும். நடுவில் ஒரு எண் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ளவை வராது.

பழைய விமானத்தைப் புதிய சிமுலேட்டரில் திணிப்பது

எஃப்எஸ்எக்ஸ் 32-பிட். 2017இல் வந்த, ப்ரீபார்3டி என்ற சிமுலேட்டரின் நான்காம் பதிப்பு 64-பிட். பழைய 32-பிட் காஜ் (காக்பிட் கருவி) ஃபைல்கள் அதில் ஏறாது, காக்பிட்டில் கருவிகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

ஆதாரம் இல்லாமல் உதவி கேட்பது

சிமுலேட்டரின் பதிப்பு எண், கோளாறு வந்த நாளின் லாக், ஆட்-ஆன்கள் எதுவும் இல்லாமலும் கோளாறு வருகிறதா என்ற பதில் ஆகிய மூன்றும் இருந்தால் எனக்குப் போதும். டிசிஎஸ் என்றால் ஒரு டிராக் ஃபைலையும் (நீங்கள் பறந்ததன் பதிவு) சேர்த்து அனுப்புங்கள். அதை நீளமாக எடுக்காதீர்கள். விமானத்தில் ஏறி, கோளாறைக் காட்டி, உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேர டிராக்கில் எந்த நிமிடத்தில் ரேடார் நின்றது என்று தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமிருக்காது.