டெர்பிஷயரில் ஒரே நாளில் இரண்டு பழைய மாளிகைகள்

இங்கிலாந்து கிராமப்புற மாளிகைகளைப் பார்க்கக் கிளம்பும் முன், அந்த வீட்டை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் உறுப்பினர் அட்டை இருந்தால் ஹார்ட்விக் ஹாலுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் அதே மாவட்டத்தில் இருக்கும் சாட்ஸ்வொர்த் தனி அறக்கட்டளையின் கையில் இருப்பதால் அங்கே அது செல்லாது. குளிர்காலத்தில் பல வீடுகளில் தோட்டம் மட்டும்தான் திறந்திருக்கும், அதனால் தேதியை இணையத்தில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள்.

காலையில் சாட்ஸ்வொர்த். இசை அறையில் உள்கதவு ஒன்றில் வயலின் தொங்கும், நிழல்கூட விழுந்திருக்கும், கிட்டே போனால்தான் அது வெறும் ஓவியம் என்று தெரியும். தோட்டத்து எம்பெரர் நீரூற்றுக்கு பம்ப்பே கிடையாது. மலைமேல் வெட்டிய ஏரியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம்தான். 1844-ல் ரஷ்யப் பேரரசர் வருவார் என்று அவசரமாகக் கட்டினார்கள், மனிதர் வரவேயில்லை! டிக்கெட் விலை அதிகமென்றால் ஆற்றங்கரைப் பூங்காவில் மட்டும் இலவசமாக நடக்கலாம்.

அப்புறம் ஹார்ட்விக். 1590-களில் பெஸ் என்ற சீமாட்டி, கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில், சுவரைவிட ஜன்னலே அதிகம் என்று சொல்லும்படி கட்டிய வீடு, கோபுர உச்சிகளில் தன் முதலெழுத்துகளையும் செதுக்கி வைத்திருக்கிறார். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பழைய திரைச்சீலைகள் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்திருப்பார்கள். எனக்கு இதுதான் பிடித்தது.